சொந்த விருப்பின் பேரில்

பழைய சோனகத் தெருவில்
குளியலறைச் சாமான் இறக்குமதி செய்யும் கம்பனியின்
மனிதவளப் பிரிவு என்பது
நானும் ஒரு மேசையும்
மேசைக்குக் கீழே விற்காமல் திரும்பி வந்த
நாலு பெட்டி ஷவர் தலைகளும்.
கால் நீட்ட இடமில்லை.

சம்பளத் தாள், லீவுக் கணக்கு,
மாதக் கடைசி வெள்ளியில்
பிறந்தநாள்காரர் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கேக்
(கத்தியைப் பிடித்தபடி முதலாளி
"நாங்கள் ஒரு குடும்பம்" என்பார்,
கேக்கில் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்),
இவை போக
மற்றவர்களின் இராஜினாமாக் கடிதங்களை எழுதுவதும்
என் வேலை.

அவர்கள் கேட்டு அல்ல.
ஐந்து வருஷம் முடிந்தால்
சேவைக்காலப் பணம் கொடுக்கவேண்டும் என்கிறது சட்டம்.
முடியக்கூடாது என்கின்றன
கனகேஸ்வரன் சேரின் நாட்காட்டியில்
சிவப்பு வட்டங்கள்.
வட்டம் கிட்ட வந்ததும்
"பிள்ளை, ஒரு லெட்டர்" என்பார்,
தேத்தண்ணி கேட்கிற அதே குரலில்.

எல்லாம் ஒரே மாதிரி இருக்கக்கூடாது.
நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தார்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிடிபடும்.
அதனால் காரணங்கள் செய்யப் பழகினேன்.
நில்மினிக்குக் குருநாகலில் கலியாணம் செய்துவைத்தேன்.
ரிஃப்கானைக் கட்டாருக்கு அனுப்பினேன்.
அவன் இப்போது பஞ்சிகாவத்தையில்
பழைய கார்க் கண்ணாடி விற்கிறான்.
பஸ்ஸில் கண்டால்
"கட்டாரில் சரியான வெயில் மிஸ்" என்று சிரிப்பான்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எல்லாக் கடிதத்திலும் மாறாத வரி ஒன்று:
எவருடைய தூண்டுதலுமின்றி
எனது சொந்த விருப்பின் பேரில்.

யூன் பன்னிரண்டு. மழை.
தயாசீலன் களஞ்சியத்திலிருந்து வந்தான்,
புருவமெல்லாம் டைல் தூசு.
பொகவந்தலாவை.
நாலு வருஷம் பதினொரு மாதம் ஒன்பது நாள்.
கடிதத்தை வாசித்தான்.
யாரும் வாசிப்பதில்லை.

"மிஸ், எங்கம்மாவுக்குச் சுகமில்லன்னு போட்டிருக்கீங்க."
"ஓம்."
"அவங்க செத்து ஏழு வருஷம்."

குளிரூட்டியிலிருந்து ஒரு சொட்டு
வாளிக்குள் விழும் சத்தம்.

"அப்பாவுக்கு என்று மாத்தவா?"
"அவரு நல்லாத்தான் இருக்காரு.
அவருக்கு ஏன் நோயக் குடுக்குறீங்க."
கொஞ்சம் யோசித்தான்.
"எனக்கு முதுகு வலின்னு போடுங்க.
ரெண்டு வருஷமா இருக்கு."

போட்டேன்.
இத்தனை கடிதங்களில்
நான் அடித்த முதல் உண்மை
ஒரு முதுகு.

கையெழுத்து வைத்தான்.
திகதியை மட்டும் நாங்கள் அச்சடிப்பதில்லை,
கையால் எழுதினால்தான்
சொந்த விருப்பம் போல் இருக்கும்
என்பது சேரின் கண்டுபிடிப்பு.
பன்னிரண்டு எழுதினான்.
அதன் பக்கத்தில், அவசரமே இல்லாமல்,
தலையில் கோடு போட்ட அழகான ஓர் ஏழு.

யூலை மூன்றில் ஐந்து வருஷம்.
வட்டம் போடத் தெரிந்தவர்
சேர் ஒருவர் மட்டுமல்ல.

பேனையை மூடி
என் பக்கமாக உருட்டிவிட்டான்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

அவன் படியிறங்கிய பிறகு
'கிடைக்கப்பெற்றது' முத்திரையை எடுத்தேன்.
மாதச் சக்கரம் மை காய்ந்து இறுகியிருந்தது.
நகத்தால் நெம்பினேன்.
ஆறு அசைய மறுத்தது,
பிறகு ஒரு பல் நகர்ந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால்,
தலை நிமிராமல்:
"என்ன, கையெழுத்துப் போட்டானா?"

"போட்டார், சேர்."

மேசைக்குக் கீழே காலை நீட்டினேன்.
ஷவர் பெட்டி ஒன்று சரிந்து விழுந்தது.